ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்ல புதுசா உக்கார்றவங்களுக்கு: இந்த கால் இப்ப யார் கையில?

சேர்ந்த மொத நாளே ஒரு கொத்து பேப்பர் குடுப்பாங்க. ஏஎல்எஸ், ஏவிஎல், பிஎல்எஸ், கேட், பீசாப்னு அகரவரிசைல சுருக்கமா அடுக்கி வச்சிருப்பாங்க. அத அப்படியே மனப்பாடம் பண்ண உக்காராதீங்க, ஒரே வாரத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். ஃபோன் அடிக்கறதுல ஆரம்பிச்சு வண்டி மறுபடி ஃப்ரீ ஆகற வரைக்கும் ஒரு கால் எந்த வழியா போகுதோ அந்த வழிலயே வார்த்தைங்கள கத்துக்கோங்க, ஒவ்வொரு இடத்துலயும் "இது இப்ப யார் பொறுப்பு, அடுத்து யார்ட்ட போகுது"ன்னு ஒரு தடவ கேட்டுக்கோங்க. இந்த வேலைல பெரிய சிக்கல் வர்றது எங்கன்னா, அவர் பாத்துப்பார்னு இவரும் இவர் பாத்துப்பார்னு அவரும் விட்ட இடத்துல. பேப்பர்ல இருக்கற பாதி வார்த்தை அந்த இடத்த அடைக்கறதுக்காக வந்தது தான்.

ஃபோன் எங்க போய் விழுது

அவசர நம்பர்ங்கறது ரொம்ப பழைய விஷயம் இல்ல. லண்டன்ல 999 வந்தது 1937ல, அமெரிக்காவுல மொத 911 கால் 1968 பிப்ரவரில அலபாமா மாநிலத்துல ஹேலிவில்ங்கற சின்ன ஊர்லேர்ந்து போச்சு, ஐரோப்பா முழுக்க 112ன்னு முடிவானது 1991ல, இந்தியால 108 2005ல ஹைதராபாத்துலேர்ந்து ஆரம்பிச்சுது. நம்பர் எதுவா வேணா இருக்கட்டும், அந்தப் பக்கம் ஃபோன எடுக்கறது யாருங்கறது தான் நமக்கு வேணும், அது எடத்துக்கு எடம் வேற.

அவசர கால் மொதல்ல வந்து சேர்ற சென்டருக்கு பீசாப்னு பேரு. மொதல்ல எடுக்கறது பிரைமரி பீசாப், அங்கேர்ந்து மாத்தி விடப்படறது செகண்டரி பீசாப். அமெரிக்காவுல நிறைய எடத்துல பிரைமரி போலீஸ் இல்லன்னா ஷெரிஃப் ஆபீஸ்ல இருக்கும், மெடிக்கல்னு தெரிஞ்சா ஃபயர் இல்ல ஆம்புலன்ஸ் சென்டருக்கு மாத்துவாங்க. பிரிட்டன்ல 999 அடிச்சா மொதல்ல பேசறது டெலிஃபோன் கம்பெனி ஆபரேட்டர், எந்த சர்வீஸ் வேணும்னு கேட்டுட்டு கனெக்ட் பண்ணுவார். ஜப்பான்ல 119 அடிச்சா ஃபயர் டிபார்ட்மென்ட், ஆம்புலன்ஸும் அவங்களோடது தான். பிரான்ஸ்ல 15 அடிச்சா சாமுங்கற அவசர மருத்துவ சேவை, அங்க ஒரு டாக்டரே லைன்ல வந்து கேட்டு வண்டி அனுப்பறதா, அனுப்பினா எந்த வண்டின்னு முடிவு பண்ணுவார். ஜெர்மனில 112க்கு ஃபயரும் ஆம்புலன்ஸும் சேர்ந்த ஒரே கண்ட்ரோல் ரூம், போலீஸுக்கு தனியா 110. இந்தியால 108ங்கறது மாநில அரசுக்காக ஆபரேட்டர் நிறுவனங்க நடத்தறது, அது போக எல்லாத்துக்கும் பொதுவா 112.

இதெல்லாம் பொது அறிவுக்காக சொல்லல. உங்க சென்டர் பிரைமரியா செகண்டரியாங்கறத மொத நாளே கேட்டு தெரிஞ்சுக்கோங்க. செகண்டரின்னா உங்களுக்கு வர்ற ஆள் ஏற்கனவே ஒருத்தர்ட்ட கதைய சொல்லிட்டு வந்தவர், "மறுபடியும் மொதல்லேர்ந்தா"ன்னு கோவமா தான் ஆரம்பிப்பார். அந்த கோவம் உங்க மேல இல்லன்னு தெரிஞ்சா குரல் தானா நிதானமாகும்.

மாத்தி விடறதுலயும் ரெண்டு வகை. பட்டன அமுக்கிட்டு நாம கழண்டுக்கறது கோல்ட் டிரான்ஸ்ஃபர். அந்தப் பக்கம் எடுத்து பேச ஆரம்பிக்கற வரைக்கும் லைன்லயே இருந்து, "இந்த எடம், இந்த நம்பர், ஆள் மயக்கம்"னு நாமளே சொல்லிட்டு விலகறது வார்ம் டிரான்ஸ்ஃபர். அவசரத்துல ரெண்டாவது மட்டும் தான். நடுவுல லைன் கட் ஆச்சுன்னா திருப்பி கூப்பிடற பொறுப்பு யாரோடதுன்னு உங்க சென்டர் விதில எழுதியிருக்கும், அந்த ஒரு வரிய தேடிப் படிச்சிடுங்க.

பேச்சே இல்லாத கால் வந்தா எடுத்தவுடனே கட் பண்றது தப்பு. பேச முடியாத நெலமைல இருக்கற ஆளா இருக்கலாம். பிரிட்டன்ல அதுக்குன்னே, மொபைல்லேர்ந்து கூப்பிட்டவர் பேச முடியலன்னா 55 அமுக்கினா கால் போலீஸுக்கு போற மாதிரி வச்சிருக்காங்க. உங்க எடத்துல என்ன வழின்னு கேட்டு வச்சுக்கோங்க.

மொதல்ல எடம், அப்புறம் நம்பர், அதுக்கப்புறம் தான் கதை

ஃபோன எடுக்கறவர் கால் டேக்கர். வண்டிய அனுப்பறவர் டிஸ்பேட்சர். சின்ன சென்டர்ல ரெண்டும் ஒரே ஆள், பெரிய சென்டர்ல தனித்தனி டெஸ்க், ஒருத்தர் டைப் பண்றது இன்னொருத்தர் ஸ்க்ரீன்ல அப்பவே வந்துடும். அந்த சாஃப்ட்வேர் தான் கேட், கம்ப்யூட்டர் வச்சு டிஸ்பேட்ச் பண்றதுக்கான சிஸ்டம். இந்த வேலைல எல்லாத்துக்கும் அது தான் சாட்சி, அதனால தோணினத எல்லாம் அதுல எழுதக் கூடாது, கேட்டத மட்டும் எழுதணும். "குடிச்சிருக்கார் போல"ன்னு எழுதாதீங்க, "வாய் கொளறுது, பேச்சு புரியல"ன்னு எழுதுங்க. வாய் கொளறுறது ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம், சர்க்கரை எறங்கினதாவும் இருக்கலாம்.

எடம் தான் மொதல்ல. லைன் போயிட்டாலும் எடம் தெரிஞ்சா வண்டி அனுப்பலாம், எடம் தெரியலன்னா வியாதியப் பத்தி பத்து நிமிஷம் கேட்டு வச்சிருந்தாலும் அனுப்ப முடியாது. ஸ்க்ரீன்ல தானா வர்ற நம்பருக்கு ஏஎன்ஐ, தானா வர்ற எடத்துக்கு ஏஎல்ஐ. லேண்ட்லைன் காலத்துல ஏஎல்ஐங்கறது வீட்டு அட்ரஸாவே வரும், மொபைல்ல வெறும் டவர மட்டும் வச்சு பாத்தா அது பெரிய வட்டமா இருக்கும், சில சமயம் அந்த வட்டத்துக்குள்ள ஒரு ஊரே அடங்கிடும். இப்ப பல நாடுகள்ல ஏஎம்எல்னு ஒண்ணு வந்துருக்கு, அவசர நம்பர அடிச்ச உடனே ஃபோனே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் பாத்து எடத்த கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பிடும், கூப்பிட்டவர் ஒண்ணும் செய்ய வேண்டாம். அது வந்தாலும் கேட்டு உறுதி பண்ணித் தான் ஆகணும். அதுக்குப் பேரு வெரிஃபைடு அட்ரஸ். அவங்கள ஒரு தடவ சொல்ல வைங்க, நீங்க திருப்பி சொல்லுங்க. நீங்களே சொல்லிட்டு "சரியா?"ன்னு கேட்டா பதட்டத்துல இருக்கறவங்க எதுக்கும் சரின்னுடுவாங்க.

கூப்பிட்டவர் யாருங்கறதும் முக்கியம். நோயாளியே பேசினா ஃபர்ஸ்ட் பார்ட்டி, பக்கத்துல இருக்கறவர் பேசினா செகண்ட் பார்ட்டி, எங்கயோ இருந்துக்கிட்டு "எங்க அக்கா ஃபோன் பண்ணா, அவளுக்கு முடியல"ன்னு சொல்றவர் தேர்ட் பார்ட்டி. தேர்ட் பார்ட்டிட்ட மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, அவர் ஊகிச்சு சொல்லுவார். எடத்தையும் நேர்ல இருக்கறவங்க நம்பரையும் வாங்குங்க, அங்க கூப்பிடுங்க.

அட்ரஸ் போட்டதும் சில சமயம் ஓரத்துல ஒரு குறிப்பு வரும், பிரெமிஸ் நோட்னு சொல்லுவாங்க. வாசக்கதவு பூட்டு நம்பர், ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கற வீடு, முன்னாடி நம்ம வண்டி ஆளுங்கள அடிக்க வந்த எடம் இந்த மாதிரி. புதுசா வர்றவங்க ஏனோ அத பாக்கவே மாட்டாங்க. நீங்க பாருங்க.

மூச்சு: இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் எடுத்துக்கோங்க

கால்ல என்ன கேக்கணும், என்ன சொல்லணும்னு எழுதி வச்ச வரிசைக்கு ப்ரோட்டோகால்னு பேரு. எல்லா ப்ரோட்டோகாலும் ரெண்டு கேள்விலேர்ந்து தான் பிரியுது: நினைவு இருக்கா, மூச்சு சாதாரணமா இருக்கா. கேக்கறதுக்கு ரொம்ப சுலபமான கேள்வி மாதிரி தெரியும். ஒரு சாதாரண காலோட நடுப்பகுதி இப்படி இருக்கும்:

"அப்பா முழிச்சிருக்காராம்மா? கூப்ட்டா பதில் சொல்றாரா?"

"இல்ல சார், கண்ணு பாதி தொறந்திருக்கு, பேசல."

"மூச்சு விடறாரா?"

"விடறார் சார், விடறார்."

இங்க தான் புது ஆள் 'ஆமா'ல டிக் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிடுவார். பழகின ஆள் போக மாட்டார்.

"அவர் நெஞ்ச பாத்துக்கிட்டே இருங்கம்மா. ஒவ்வொரு தடவ மூச்சு இழுக்கும்போதும் 'இப்ப'ன்னு எனக்கு சொல்லுங்க."

"இப்ப."

லைன்ல சத்தமே இல்ல. கீபோர்டுலேர்ந்து கைய எடுத்துட்டு ஸ்க்ரீன்ல ஓடற நொடிய பாக்கறோம்.

"...இப்ப. கொறட்ட மாதிரி சத்தம் வருது சார்."

அவ்ளோ தான், இது மூச்சே இல்ல. அகோனல் பிரீத்திங்னு பேரு, இதயம் நின்னதுக்கப்புறம் கொஞ்ச நேரம் உடம்பு தானா இழுக்கற இழுப்பு. பாக்கறவங்களுக்கு கொறட்ட மாதிரியும் முனகல் மாதிரியும் மீன் கரைல வாய தொறக்கற மாதிரியும் தெரியும், அதனால "மூச்சு இருக்கு"ன்னு மனசார நம்பி சொல்லுவாங்க. நினைவு இல்ல, மூச்சு சாதாரணமா இல்ல, இந்த ரெண்டும் சேர்ந்தா கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் நின்னுடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உடனே ஃபோன்லயே சிபிஆர், அதாவது நெஞ்ச அமுக்கற முதலுதவிய சொல்லிக் குடுக்கணும். ஸ்பீக்கர்ல போட சொல்லுங்க, தரைல மல்லாக்க படுக்க வைக்க சொல்லுங்க, நெஞ்சு நடுவுல ஒரு உள்ளங்கையோட அடிப்பக்கம், அது மேல இன்னொரு கை, பெரியவங்கன்னா 5 சென்டிமீட்டராவது அமுங்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120. நீங்க சத்தமா எண்ணுங்க, அவங்களையும் எண்ண சொல்லுங்க. எண்ற குரல் தளர்ந்தா அமுக்கறதும் தளருதுன்னு அர்த்தம், பக்கத்துல வேற ஆள் இருந்தா மாத்த சொல்லுங்க. இதயத்துக்கு ஷாக் குடுக்கற ஏஇடி மெஷின் பக்கத்துல இருக்கான்னு கேளுங்க, ஆனா அமுக்கறவர எழுப்பி அனுப்பாதீங்க, வேற ஆள் போகட்டும்.

வண்டி போய் சேர்றதுக்குள்ள நாம ஃபோன்ல சொல்ற இந்த மாதிரி உதவிக்கு ப்ரீ அரைவல் இன்ஸ்ட்ரக்ஷன்னு பேரு. ரத்தத்த அமுக்கி பிடிக்கறது, தொண்டைல அடைச்சத எடுக்கறது, பிரசவம் பாக்கறது எல்லாம் இதுல வரும். கதவ தொறந்து வைங்க, நாய கட்டுங்க, மாத்திரை எல்லாம் எடுத்து வைங்கன்னு சொல்றது போஸ்ட் டிஸ்பேட்ச் இன்ஸ்ட்ரக்ஷன். நிறைய பேர் கேக்கற கேள்வி ஒண்ணு: இவ்ளோ கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தா வண்டி லேட் ஆகாதா? ஆகாது, எடமும் பிரச்சனையும் வந்த உடனே டிஸ்பேட்சர் வண்டிய கெளப்பிடுவார், நீங்க கேக்கறது கூடவே ஓடிக்கிட்டு இருக்கும். இத கூப்பிட்டவங்ககிட்டயும் சொல்லுங்க, "வண்டி கெளம்பியாச்சு, நான் கேக்கறதால லேட் ஆகாது"ன்னு. பாதி சண்டை அதோட நின்னுடும். ஆனா வண்டி நெஜமாவே கெளம்பினதுக்கப்புறம் மட்டும் சொல்லுங்க.

கோட் போடறது

கேள்விக்கெல்லாம் பதில் வந்ததும் கால் மேல ஒரு முன்னுரிமை விழும். சால்ட் லேக் சிட்டில டாக்டர் ஜெஃப் கிளாசன் 1970கள் கடைசில ஆரம்பிச்ச முறை தான் இன்னிக்கு நிறைய நாடுகள்ல ஓடுது, அதுல ஒமேகா, ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோன்னு படிப்படியா போகும். எக்கோன்னா கையில கெடச்ச யார வேணா ஒடனே அனுப்பு. ஒமேகான்னா ஆம்புலன்ஸே தேவைப்படாம இருக்கலாம், நர்ஸ்ட்ட பேச வைக்கலாம். இங்கிலாந்துல 2017லேர்ந்து நாலு கேட்டகரி, கேட்டகரி 1க்கு சராசரி 7 நிமிஷமும் கேட்டகரி 2க்கு சராசரி 18 நிமிஷமும் இலக்கு. இலக்குன்னு தான் சொன்னேன், நெஜத்துல என்ன ஆகுதுங்கறது வேற கதை.

கோட பாத்து "இது பெரிய கேஸ், இது சின்ன கேஸ்"னு மட்டும் படிக்காதீங்க. எவ்ளோ வேகமா, என்ன திறமை உள்ள ஆள் போகணும்ங்கறது தான் அதுல இருக்கு. சைரன் போட்டு போறது ஹாட், போடாம போறது கோல்ட். சைரன் போட்டு போறதுலயும் ரோட்ல விபத்து ஆபத்து இருக்கு, அதனால எல்லாத்தையும் ஹாட்டா அனுப்பறது பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க.

ப்ரோட்டோகால்ல இருக்கற வரிய அப்படியே கேக்கணுமா, நம்ம பேச்சுல கேக்கலாமான்னு எல்லா பேட்ச்லயும் ஒரு சண்டை வரும். என் அபிப்ராயம், மொத கொஞ்ச காலம் வரிய அப்படியே கேளுங்க. நம்ம பேச்சுல கேக்கும்போது நமக்கே தெரியாம பதிலையும் சேர்த்து கேட்டுடுவோம், "நெஞ்சு வலி ஒண்ணும் இல்லல்ல?"ன்னு. அதுக்கு யாராயிருந்தாலும் "இல்ல"ன்னு தான் சொல்லுவாங்க.

டிஸ்பேட்சர் பக்கம்

இங்க பொறுப்பு கை மாறுது. கூப்பிட்டவர் இன்னும் கால் டேக்கர்ட்ட பேசிக்கிட்டு இருப்பார், ஆனா வண்டி டிஸ்பேட்சரோடது.

வண்டிக்குப் பேரு யூனிட், உள்ள இருக்கறவங்க க்ரூ. பிஎல்எஸ் யூனிட்ல ஈஎம்டி, அதாவது அடிப்படை அவசர சிகிச்சை படிச்சவங்க இருப்பாங்க, ஆக்சிஜன், ஏஇடி, கட்டு, ஸ்ட்ரெச்சர்னு அடிப்படை. ஏஎல்எஸ் யூனிட்ல அதுக்கும் மேல பயிற்சி எடுத்த பாராமெடிக் இருப்பாங்க, சில நாட்டுல டாக்டரே இருப்பார், ஈசிஜி, ஊசி மருந்து, மூச்சுக் குழாய் போடறது வரைக்கும் செய்வாங்க. இந்தியால 108ல ஓட்டறவர பைலட்னு தான் கூப்பிடுவாங்க, ரேடியோல பைலட்னு கேட்டா ஹெலிகாப்டர்னு நெனைச்சுடாதீங்க. ஒத்த ஆளா கார்லயோ பைக்லயோ வேகமா போறவர் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர், அவரால சிகிச்சை ஆரம்பிக்க முடியும், ஆள ஏத்திட்டு போக முடியாது. அதனால அவர் போயிட்டார்னு வண்டிய நிறுத்திடக் கூடாது.

எந்த வண்டி எங்க இருக்குன்னு மேப்ல காட்டறது ஏவிஎல். பக்கத்துல இருக்கற வண்டிய அனுப்பறது க்ளோசஸ்ட் யூனிட், அந்த ஏரியாவுக்குன்னு ஒதுக்கின வண்டிய அனுப்பறது ஃபர்ஸ்ட் டியூ. மேப்ல பக்கத்துல தெரியற வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், ஹைவேல திரும்ப வழியில்லாத பக்கம் இருக்கலாம். சிஸ்டம் சொல்றது ரெக்கமண்டேஷன், முடிவு உங்களோடது, மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க.

வண்டி கெடைக்காம நிக்கற காலுக்கு பெண்டிங், ஹோல்டிங், ஸ்டாக்னு எடத்துக்கு ஒரு பேரு. எதுவா இருந்தாலும் காத்திருக்கற கால்கள குறிப்பிட்ட இடைவெளில திருப்பி கூப்பிட்டு எப்படி இருக்காங்கன்னு கேக்கணும், வெல்ஃபேர் கால்பேக்னு சொல்லுவாங்க. யார் கூப்பிடணும்ங்கறது தான் நிறைய எடத்துல தெளிவா இருக்காது. கால் டேக்கர் அடுத்த கால் எடுத்திருப்பார், டிஸ்பேட்சர் ரேடியோல இருப்பார், ஆல்ஃபான்னு நின்ன கால் அரை மணி நேரத்துல டெல்டாவா மாறியிருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே "இன்னிக்கு கால்பேக் யாரு?"ன்னு வாய் விட்டு கேட்டுடுங்க, கேக்கறவர யாரும் குறைவா நெனைக்க மாட்டாங்க.

அப்புறம் கவரேஜ். ஒரு கேஸுக்கு வண்டி அனுப்பினா அந்த ஏரியா காலியாகும், அத நிரப்ப பக்கத்து ஏரியா வண்டிய நகர்த்தறது மூவ் அப், ஒரு ரோட்டு முனைல நிறுத்தி வைக்கறது ஸ்டேண்ட்பை. சின்ன போர்வைய இழுத்து தலைய மூடினா கால் வெளில தெரியற கதை தான். எந்த நேரத்துல எந்த ஏரியால கால் அதிகம்னு பழைய கணக்க பாத்து வண்டிய நகர்த்திக்கிட்டே இருக்கற முறைய 1980கள்ல ஜேக் ஸ்டவுட்னு ஒரு அமெரிக்கர் பரப்பினார், சிஸ்டம் ஸ்டேட்டஸ் மேனேஜ்மென்ட்னு பேரு. கண்ட்ரோல் ரூமுக்கு பிடிக்கும், ராத்திரி முழுக்க வண்டிலயே உக்காந்திருக்கற க்ரூவுக்கு சுத்தமா பிடிக்காது, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அனுப்ப ஒரு வண்டி கூட இல்லாத நெலமைய சில எடத்துல லெவல் ஜீரோன்னு சொல்லுவாங்க, அது வர்றதுக்கு முன்னாடியே சூப்பர்வைசருக்கு சொல்லணும், வந்ததுக்கப்புறம் இல்ல. பக்கத்து ஏஜென்சிட்ட வண்டி கேக்கறது மியூச்சுவல் எய்ட், அத கேக்கற அதிகாரம் பெரும்பாலும் சூப்பர்வைசருக்குத் தான்.

ரேடியோ

பேசறதுக்கு முன்னாடி ஒரு நொடி நில்லுங்க, பட்டன அமுக்கி ஒரு நொடி விட்டு பேசுங்க, இல்லன்னா மொத வார்த்தை போகாது. யார கூப்பிடறீங்களோ அவங்க பேர் மொதல்ல. நம்பர தனித்தனியா சொல்லுங்க. எழுபதும் எண்பதும் இரைச்சல்ல ஒரே மாதிரி தான் கேக்கும், "ஏழு சைபர்", "எட்டு சைபர்"னா கொழப்பம் இல்ல. இங்கிலீஷ் எழுத்து சொல்றதுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை. அந்த ஆல்ஃபாவும் கோட்ல வர்ற ஆல்ஃபாவும் வேற வேற, ஆரம்பத்துல கண்டிப்பா கொழம்புவீங்க.

க்ரூ எடத்த திருப்பி சொல்லணும், அது ரீட்பேக். "ஓகே"ன்னு மட்டும் வந்தா ரீட்பேக் இல்ல, திருப்பி கேளுங்க. டென் கோடுன்னு பழசா ஒண்ணு இருக்கு, டென் ஃபோர்னா புரிஞ்சுது, இந்த மாதிரி. பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு ஏஜென்சிக்கும் அந்த நம்பருக்கு வேற வேற அர்த்தம், பல ஏஜென்சி சேர்ற எடத்துல அது ஆபத்து, அமெரிக்காவுல 2006லேர்ந்து அந்த மாதிரி சம்பவங்கள்ல சாதாரண பேச்சு தான் பேசணும்னு வச்சுட்டாங்க.

ரேடியோல நோயாளி பேர சொல்லாதீங்க. கேக்கற காது நெறய இருக்கு.

மணி முத்திரைங்க

வண்டியோட ஒவ்வொரு நெலமைக்கும் ஒரு பட்டன், அமுக்கின நேரம் பதிவாகும்: டிஸ்பேட்ச் ஆச்சு, கெளம்பியாச்சு, சீன்ல (சம்பவம் நடந்த எடத்துல), பேஷன்ட்கிட்ட, ஏத்திட்டு போறோம், ஆஸ்பத்திரில, அவைலபிள். டிஸ்பேட்ச் ஆனதுக்கும் சக்கரம் உருள்றதுக்கும் நடுவுல இருக்கறது சூட் டைம் இல்லன்னா டர்ன்அவுட் டைம். ஃபோன் எடுத்ததுலேர்ந்து வண்டிக்கு சொல்ற வரைக்கும் கால் ப்ராசஸிங் டைம், அது நம்மளோடது. 'சீன்ல'ன்றதும் 'பேஷன்ட்கிட்ட'ன்றதும் ஒண்ணு இல்ல, வண்டி கட்டட வாசல்ல நிக்கும், லிஃப்ட் வேலை செய்யாது, பதினாலாவது மாடி ஏறணும், அந்த நேரம் முழுக்க ஃபோன்ல சிபிஆர் ஓடணும். "வண்டி வந்துடுச்சு"ன்னு வீட்டுக்காரங்க சொன்ன உடனே லைன வைக்காதீங்க, க்ரூ பக்கத்துல வந்து கை வச்ச பிறகு வைங்க.

ரெஸ்பான்ஸ் டைம்னு ஒரு நம்பர யாராவது பெருமையா சொன்னா கடிகாரம் எங்க ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க. ஃபோன் அடிச்சதுலேர்ந்தா, கோட் விழுந்ததுலேர்ந்தா, வண்டிக்கு சொன்னதுலேர்ந்தா? மூணும் மூணு கணக்கு.

மத்த ஏஜென்சிங்க

போலீஸ்: அடிதடி, தற்கொலை முயற்சி, ரோடு விபத்து, கதவு பூட்டின வீடு. ஃபயர்: தீ, மாட்டிக்கிட்ட ஆள வெட்டி எடுக்கறது, உயரம், தண்ணி, ரசாயனம், சில நாட்டுல ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் வேலையும். கரண்ட் கம்பி அறுந்து கெடந்தா மின்சார அலுவலகம், அவங்க சப்ளைய நிறுத்திட்டோம்னு சொல்ற வரைக்கும் க்ரூ கிட்ட போகக் கூடாது. விஷம் குடிச்ச கேஸ்னா பாய்சன் சென்டர். ஏர் ஆம்புலன்ஸுக்கு எறங்க எடம், வானிலை எல்லாம் பைலட் தான் முடிவு பண்ணுவார், இங்க நெஜ பைலட்.

புது ஆளுங்க ரொம்ப கவனிக்க வேண்டிய வார்த்தை ஸ்டேஜிங். கத்திக்குத்து நடந்த எடத்துக்கு க்ரூ நேரா போகாம, பாக்க முடியாத தூரத்துல நின்னு, போலீஸ் "சீன் சேஃப்"னு சொன்னதுக்கப்புறம் போறது. இதுலயும் அதே ஓட்டை தான். போலீஸ் சேஃப்னு சொல்றது அவங்க ரேடியோல, அவங்க கண்ட்ரோல் ரூமுக்கு. அங்கேர்ந்து உங்களுக்கு யார் சொல்றாங்க, நீங்க க்ரூவுக்கு யார் மூலமா சொல்றீங்க? அந்த சங்கிலில ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் முடிஞ்ச தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி க்ரூ நின்னுக்கிட்டே இருப்பாங்க. ஸ்டேஜ் பண்ண சொன்ன உடனே ஒரு டைமர் போடுங்க, அடிச்சதும் நீங்களே போலீஸ் கண்ட்ரோல கூப்பிட்டு கேளுங்க.

நிறைய பேர் அடிபட்ட சம்பவம்னா எம்சிஐ. மொதல்ல போற க்ரூ சிகிச்சை ஆரம்பிக்காம மொதல்ல நெலமைய சொல்லணும், பிரிட்டன் பக்கம் அதுக்கு இங்கிலீஷ் மொத எழுத்துங்கள சேர்த்து மீத்தேன்னு ஒரு வரிசை: பெரிய சம்பவமா, சரியான எடம் எது, எந்த வகை, என்ன ஆபத்து, எந்த வழில வரணும், எத்தன பேரு, எந்தெந்த சர்வீஸ் வேணும். கூடவே, யாருக்கு எவ்ளோ அவசரம்னு நெறத்துல பிரிச்சு, எந்த நெறத்துல எத்தன பேருன்னு எண்ணிக்கை வரும். 1983ல கலிஃபோர்னியாவுல உருவான ஸ்டார்ட் முறைல நடக்க முடிஞ்சவங்க பச்சை, மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல போனாலோ மணிக்கட்டுல நாடி இல்லன்னாலோ சொன்னத செய்ய முடியலன்னாலோ சிவப்பு, மத்தவங்க மஞ்சள், மூச்சுப் பாதைய தொறந்தும் மூச்சு வரலன்னா கருப்பு. நெறம் போடறது க்ரூ வேலை, அத எண்ணி ஆஸ்பத்திரிகளுக்கு பிரிச்சு அனுப்ப வழி பண்றது நம்ம வேலை. அங்க யார் தலைமைங்கறத கேட் சிஸ்டத்துல பேரோட எழுதுங்க, இன்சிடென்ட் கமாண்டர்னு ஒருத்தர் இருப்பார், அவர் சொல்லாம கூட்டமா வண்டிய அனுப்பிட்டா வழியே அடைச்சுக்கும். ஒரே விபத்துக்கு இருபது கால் வரும், டூப்ளிகேட்னு ஒண்ணா சேர்க்கறதுக்கு முன்னாடி எடத்தையும் வண்டி வகையையும் கேளுங்க, கொஞ்ச தூரத்துல ரெண்டாவது விபத்து இருக்கலாம்.

ஆஸ்பத்திரி

க்ரூ முன்கூட்டியே சொல்றது ப்ரீ அலர்ட். விபத்து கேஸ்னா வயசு, நேரம், எப்படி அடிபட்டுது, என்ன காயம், நாடி பிரஷர், என்ன செஞ்சோம்ங்கற வரிசைல சொல்லுவாங்க, அட்மிஸ்ட்னு பேரு. ஸ்ட்ரோக்னா ஒரே ஒரு நேரம் ரொம்ப முக்கியம், கடைசியா நல்லா இருந்தத பாத்த நேரம். கண்டுபிடிச்ச நேரம் இல்ல. ரத்தக் கட்டிய கரைக்கற ஊசிக்கு பொதுவா 4.5 மணி நேரம் தான் கணக்கு, அது அந்த நேரத்துலேர்ந்து ஓடும். அத கேக்க மொத வாய்ப்பு கால் டேக்கருக்குத் தான்.

ஒரு ஆஸ்பத்திரி நெறஞ்சு போய் வண்டிங்கள வேற எடத்துக்கு அனுப்ப சொல்றது டைவர்ஷன். ஒப்படைக்க பெட் இல்லாம வண்டி வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கறத ஆஸ்திரேலியால ரேம்பிங்னு சொல்லுவாங்க. ஆள் ஆஸ்பத்திரி வாசல்ல, ஆனா பொறுப்பு இன்னும் க்ரூவோடது, வண்டி ஸ்க்ரீன்ல 'ஆஸ்பத்திரில'ன்னே நிக்கும். ஒப்படைச்சு கையெழுத்தாகி, வண்டிய துடைச்சு, பொருள் நிரப்பினதுக்கப்புறம் தான் அவைலபிள்.

ரூமுக்குள்ள யார் யாரு

ஷிஃப்ட் சூப்பர்வைசர் வண்டி, ஆள், மத்த ஏஜென்சியோட பேச்சுவார்த்தை எல்லாம் பாப்பார். கிளினிக்கல் டெஸ்க்ல நர்ஸோ பாராமெடிக்கோ டாக்டரோ இருப்பாங்க, சின்ன கேஸ்ங்கள திருப்பி கூப்பிட்டு பாப்பாங்க, க்ரூவுக்கு மருந்து சந்தேகம் வந்தா லைன்ல சொல்லுவாங்க. மெடிக்கல் டைரக்டர் ப்ரோட்டோகாலுக்கே பொறுப்பான டாக்டர், உங்க ஷிஃப்ட்ல முகத்த பாக்கறதே அபூர்வம். ரெக்கார்டிங் கேட்டு மார்க் போடறவர் க்யூஏ. எல்லாரும் அவர கண்டு ஓடுவாங்க. ஓடாதீங்க, உங்க காலயே அவரோட உக்காந்து கேளுங்க. ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாத்தற கேஸ்ங்களுக்கு தனி டெஸ்க் இருக்கும், அங்க அவசரம் குறைவு, பேப்பர் அதிகம்.

மூடறதும் மாத்தறதும்

கால் முடிஞ்சதும் டிஸ்போசிஷன் கோட் போடணும்: ஏத்திட்டு போனது, வர மறுத்தது, ஆளே இல்ல, கேன்சல். கேன்சல் யார் சொன்னாங்கன்னு எழுதாம மூடாதீங்க. கூப்பிட்டவரே "வேண்டாம்"னு சொன்னாலும் சில வகை கேஸ்ல வண்டிய நிறுத்தக் கூடாது, உங்க விதிய பாருங்க.

ஷிஃப்ட் மாத்தும்போது அடுத்தவருக்கு சொல்ல வேண்டியது: பெண்டிங்ல நிக்கற கால்ங்க, திருப்பி கூப்பிடறேன்னு யாருக்கு வாக்கு குடுத்திருக்கோம், ஸ்டேஜிங்ல நிக்கற வண்டி, ரிப்பேர்ல இருக்கற வண்டி, டைவர்ஷன்ல இருக்கற ஆஸ்பத்திரி, மூடின ரோடு. ஸ்க்ரீன்ல இருக்கே, அவரே பாத்துப்பார்னு விடாதீங்க. உங்க பேர்ல தொறந்திருக்கற கால சிஸ்டத்துல அவர் பேருக்கு மாத்துங்க, அவர் "சரி, எங்கிட்ட இருக்கு"ன்னு வாயால சொல்லட்டும், அப்புறம் லாகவுட் பண்ணுங்க.